வீட்டுக் கணினிக்கு நாடி பார்ப்போம்

கடந்த ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டுக் கணினி மந்தமாகத் தொடங்கியது. ஒரு கோப்பைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். ஒரு நிமிடம் கழித்துத் தானாகவே வேலை செய்யும். "வைரஸ் புகுந்திருக்கும்" என்றார் வாப்பாவின் கூட்டாளி ஒருவர். நாங்களும் அதை நம்பி, திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டுபோய் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தோம். சில நாட்கள் நன்றாக ஓடியது. பத்தாம் நாள் இரவு பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அத்துடன் திரை நின்றுவிட்டது.

அந்தக் கணினியில் வாப்பாவின் கடைக் கணக்கு இருந்தது. ராத்தாவின் கலியாணப் படங்கள் இருந்தன. இரண்டு வருடமாக நான் சேர்த்த உயர்தரக் குறிப்புகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மௌத்தாகிப்போன எங்கள் உம்மம்மாவின் குரற்பதிவுகள் மூன்று இருந்தன. உம்மா அன்றிரவு எதுவும் பேசவில்லை. "அந்தச் சத்தமும் போயிட்டா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் தெரிந்தது, அது வைரஸ் அல்ல. வன்தட்டின் பழுது என்பது. அதைவிடக் கவலையான விடயம், அந்த வன்தட்டு பல மாதங்களாகத் தன் நோயை இலக்கங்களில் எழுதி வைத்திருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே, நானும் நானாவும் அன்று முதல் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளா, வன்பொருளா?

கணினி பழுதானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். காய்ச்சலின் காரணத்தை அறியாமல் பெனடோல் கொடுப்பதைப் போன்றது அது. சூடு சற்றுக் குறையும். நோய் உள்ளே வளரும்.

இதைப் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு போன்ற பணிசெயல் முறைமையை ஒரு பென் ட்ரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கலாம். உபுண்டு இலவசமானது. அவ்வாறு இயக்கும்போது கணினி ஒரு மணித்தியாலம் தடங்கலின்றி ஓடுமானால் தாய்ப்பலகை, நினைவகம் ஆகியன பெரும்பாலும் நலமாக இருக்கின்றன. சந்தேகத்தை வன்தட்டின் மீதோ விண்டோஸின் மீதோ வைக்கலாம். பென் ட்ரைவிலிருந்து இயங்கும்போதும் உறைந்து நின்றால் பழுது வன்பொருளிலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

அறிகுறிகளும் காரணங்களும்

கணினியின் ஆளியை அழுத்தியதும், விண்டோஸ் எழுவதற்கு முன்னரே தாய்ப்பலகை தன் உறுப்புகளைத் தானே பரிசோதிக்கிறது. குறையிருந்தால் 'பீப்' ஒலியால் அறிவிக்கும். ஒலியின் எண்ணிக்கைக்குரிய பொருள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். ஆகவே தாய்ப்பலகையின் கைநூலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். புதிய தாய்ப்பலகைகள் பலவற்றில் ஒலிக்குப் பதிலாகச் சிறிய விளக்குகள் எரிந்து, எந்த உறுப்பில் தடங்கல் என்பதைக் காட்டுகின்றன.

பொதுவாகக் காணப்படும் அறிகுறிகள் சில:

1. எந்த உயிர்ப்பும் இல்லை. விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை என்றால் முதலில் சுவர் ஆளி, மின்வடம், பெட்டியின் பின்புறமுள்ள சிறிய ஆளி ஆகியவற்றைப் பாருங்கள். திரைக்கு வரும் மின்வடம் அநேகமாக அதே வகையைச் சேர்ந்தது. அதை மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். அப்போதும் உயிர் வராவிட்டால் மின்வழங்கியைச் சந்தேகிக்க வேண்டும்.

2. விசிறி சுழல்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது. திரையின் வடம் இறுகப் பொருந்தியிருக்கிறதா எனப் பார்த்த பின், 'ரெம்' எனப்படும் பிரதான நினைவகத்தைக் கவனிக்க வேண்டும். அதைக் கழற்றி, பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை நீக்கி, 'கிளிக்' என்ற சத்தம் கேட்கும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்தினால் பல கணினிகள் உயிர்பெற்றுவிடும். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பொருத்தி எது பழுது எனக் கண்டுபிடிக்கலாம்.

3. திகதியும் நேரமும் ஒவ்வொரு நாளும் பிழையாகின்றன. இது பெரிய நோயன்று. தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டது. அநேக கணினிகளில் அது சி.ஆர். 2032 எனும் 3 வோல்ற்று மின்கலமாகும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்களும் திறக்க மறுக்கும். இணைய இணைப்பில் கோளாறு என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

4. சிறிது நேரம் ஓடிவிட்டுத் திடீரென அணைகிறது. பெரும்பாலும் வெப்பமே காரணம். தூசி அடைத்த விசிறியும் காய்ந்துபோன வெப்பப் பசையும் முறைவழியாக்கியைச் சூடேற்றும். அது எரிந்துவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது.

5. நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செய்தியுடன் வருகிறது. இங்கும் முதற் சந்தேகம் நினைவகத்தின் மீதுதான். விண்டோஸிலேயே இருக்கும் நினைவகப் பரிசோதனையையோ 'மெம்டெஸ்ட் 86' எனும் மென்பொருளையோ ஓடவிட்டுப் பார்க்கலாம்.

6. கோப்புகள் திறக்க நீண்ட நேரம் எடுக்கின்றன, கணினி அடிக்கடி உறைகிறது, நேற்றுத் திறந்த படம் இன்று திறக்கவில்லை. இவை வன்தட்டின் அறிகுறிகள். எங்கள் கணினியில் இவை மூன்றுமே இருந்தன.

பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்வடத்தைக் கழற்றி, ஆளியைச் சில வினாடிகள் அழுத்திப்பிடித்து எஞ்சிய மின்னை வெளியேற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் உடம்பிலுள்ள நிலைமின் உறுப்புகளைப் பழுதாக்கக்கூடும். மின்வழங்கியின் உறையை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். வடத்தைக் கழற்றிய பின்னரும் அதனுள் உள்ள கொள்ளளவிகளில் உயிராபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

வன்தட்டுக்குள் நடப்பது என்ன?

கடைகளில் 'ஹார்ட் டிஸ்க்' எனச் சொல்லப்படும் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. அந்த முதலாவது வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து இன்றைய கணக்கில் 4 மெகாபைற்றுக்கும் குறைவாகவே சேமித்தன. இன்று நாம் கையடக்கத் தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் கூட அதற்குள் அடங்காமல் போகலாம்.

இன்றைய மேசைக் கணினிகளின் வன்தட்டுகள் பல நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்கின்றன. அதாவது வினாடிக்கு 120 தடவை. தட்டின் வெளி விளிம்பு மணிக்கு 120 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. எங்கள் தெற்கு அதிவேகப் பாதையில் வாகனங்களுக்கு அனுமதிக்கப்பட்ட 100 கிலோமீற்றரையும் விட இது அதிகம். இந்த வேகத்தில் சுழலும் தட்டைத் தொடாமல், சில நனோமீற்றர் உயரத்தில் வாசிக்கும் தலை மிதக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு பல்லாயிரம் நனோமீற்றர் என்பதை நினைத்தால் அந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்பது புரியும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினிப் பெட்டியைக் காலால் தட்டுவதும், இழுத்து நகர்த்துவதும் ஏன் கூடாது என்பதற்கும் இதுவே விடை.

திடீர் மின்தடையும் வன்தட்டுக்கு நல்லதல்ல. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால் கோப்புகள் சிதையும். மின் திரும்பும்போது அழுத்தம் ஏறி இறங்கினால் மின்வழங்கியும் பாதிக்கப்படும். எனவே யூ.பி.எஸ். ஒன்று ஆடம்பரமன்று, வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்க அது தரும் சில நிமிடங்கள் போதுமானவை. இடிமின்னல் வேளைகளில் மின்வடத்தையும் இணைய வடத்தையும் கழற்றிவிடுவதே சிறந்தது.

வன்தட்டின் நோய்ப் புத்தகம்

கிளினிக்குக்குப் போகும்போது நோயாளியிடம் ஒரு கொப்பி இருக்கும். ஒவ்வொரு வருகையிலும் அழுத்தம், சீனி எல்லாம் அதில் பதியப்படும். வன்தட்டும் அவ்வாறானதொரு கொப்பியைத் தன்னுள் வைத்திருக்கிறது. 'ஸ்மார்ட்' எனப்படும் இந்தச் சுயகண்காணிப்பு முறை 1990 களின் நடுப்பகுதியிலிருந்து வன்தட்டுகளில் இடம்பெற்று வருகிறது. அதை வாசிக்க 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' எனும் இலவச மென்பொருள் போதும். நிலைமை நலமெனில் நீலம், எச்சரிக்கையெனில் மஞ்சள், மோசமெனில் சிவப்பு என நிறத்தால் அது காட்டும்.

நிறத்தோடு நின்றுவிடாமல் கீழேயுள்ள அட்டவணையையும் வாசிக்க வேண்டும். அதிலுள்ள இலக்கங்களில் முக்கியமானவை இவை:

05 – இடம் மாற்றப்பட்ட செக்டர்கள். செக்டர் என்பது தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதி. பயிற்சிக் கொப்பியில் ஒரு பக்கம் கிழிந்தால், பின்னாலுள்ள வெற்றுத்தாளில் எழுதுவோமல்லவா? வன்தட்டும் பழுதான செக்டரை ஒதுக்கிவிட்டு உபரியாக வைத்திருக்கும் செக்டரைப் பயன்படுத்தும். இந்த எண் பூச்சியமாக இருப்பதே நல்லது. கூடிக்கொண்டே போனால் ஆபத்து.

சி 5 – தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். வாசிக்க முடியாமல் போன, ஆனால் இன்னும் ஒதுக்கப்படாத பகுதிகள் இவை. நம் கோப்பொன்று இந்த இடத்தில் இருந்தால் அது திறக்காமல் போகலாம்.

சி 6 – திருத்த முடியாத செக்டர்கள். இதுவும் பூச்சியமாகவே இருக்க வேண்டும்.

சி 7 – தரவு வடத்தில் ஏற்பட்ட பிழைகள். இது ஏறினால் வன்தட்டைக் குறை கூறுவதற்கு முன் அதை இணைக்கும் வடத்தை மாற்றிப் பாருங்கள். பழைய எண்ணிக்கை அழியாது. ஆனால் மேலும் ஏறாமல் நின்றால் பழுது வடத்தில்தான் இருந்திருக்கிறது.

09 – இதுவரை இயங்கிய மணித்தியாலங்கள். பாவித்த கணினியைப் புதியது எனச் சொல்லி விற்பவரிடம் ஏமாறாமல் இருக்கவும் இது உதவும்.

இங்கே உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. இந்த மென்பொருள் மூல எண்களை வழக்கமாகப் பதினறும எண்முறையிலேயே காட்டும். முதலில் எனக்கும் இது விளங்கவில்லை. எங்கள் வன்தட்டில் 09 க்கு எதிரே '2ஏ5சி' என்று இருந்தது. வகுப்பில் படித்தபடி மாற்றிப் பார்த்தேன்: 2 × 4096, 10 × 256, 5 × 16, 12 × 1. கூட்டினால் 10,844 மணித்தியாலங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் என்று வைத்தாலும் ஏறத்தாழ ஐந்து வருடம். 05 க்கு எதிரே '1இ8' என்றிருந்தது. அது 488. சி 5 க்கு எதிரே '4சி'. அது 76. பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்துப் படித்த பாடம், எங்கள் வீட்டின் இழப்பை எண்ணிக் காட்டியது. மென்பொருளின் தெரிவுகளில் மூல எண்களைத் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இன்னொரு விடயம். சீகேட் நிறுவனத்தின் வன்தட்டுகளில் 01, 07 ஆகியவற்றின் மூல எண்கள் மிகப் பெரியனவாகத் தோன்றும். அவை அந்நிறுவனம் எண்ணைப் பதியும் முறையால் வருவன. அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

நிறம் நீலமாக இருந்தால் நிம்மதியா?

இல்லை. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். பழுதான வன்தட்டுகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில், மிக வலுவான எச்சரிக்கைகள் எனக் கருதப்பட்ட நான்கு அளவீடுகளில் ஒன்றுகூடப் பதிவாகியிருக்கவில்லை. மறுபுறம், பரிசோதனையில் முதற்பிழை தென்பட்ட வன்தட்டுகள், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகமாக இருந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். எச்சரிக்கை வந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக நிம்மதியாகவும் இருக்கக்கூடாது.

சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்களுக்கும் இது பொருந்தும். அவை வேகமானவை, அதிர்ச்சியைத் தாங்குபவை. ஆனால் அவற்றின் கலங்களில் எழுதக்கூடிய தடவைகளுக்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சிய ஆயுளைச் சதவீதத்தில் காட்டும் அளவீடு அவற்றில் இருக்கிறது. அவற்றில் 'டக்' என்ற சத்தம் வராது. சில வேளைகளில் எந்த முன்னறிவிப்புமின்றியே நின்றுவிடும்.

எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியவை

ஒழுங்குமுறை இங்கே மிக முக்கியம்.

முதலில் பிரதி எடுங்கள். திரும்பப் பெற முடியாதவற்றையே முதலில் எடுக்க வேண்டும்: குடும்பப் படங்கள், குரற்பதிவுகள், சான்றிதழ்களின் பிரதிகள், கணக்குகள். படங்களையும் மென்பொருள்களையும் விடப் பெரியதாக இருக்கும் காணொளிகள் கடைசியில். பென் ட்ரைவிலும் வெளி வன்தட்டிலும் மாறி மாறிச் சேமியுங்கள்.

பிரதி எடுத்து முடியும்வரை 'செக் டிஸ்க்' போன்ற திருத்தும் கட்டளைகளை ஓட்டாதீர்கள். அவை தட்டு முழுவதையும் வாசிக்க முயலும். களைத்துப்போன வன்தட்டு அந்த முயற்சியிலேயே நின்றுவிடலாம். விண்டோஸை மீளப் போடுவதும் அவ்வாறே. எங்கள் கணினிக்கு நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான்.

'டக், டக்' என்ற சத்தம் கேட்டால் உடனே மின்னை நிறுத்துங்கள். வாசிக்கும் தலை பழுதான அறிகுறி அது. மேலும் இயக்கினால் தட்டே கீறப்படலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்து கேடு கூடும். வன்தட்டின் மூடியைத் திறப்பதும் வேண்டாம். ஒரு துணுக்குத் தூசியே போதும், அதை முடித்துவிட. தரவு மிக அவசியமானதெனில் தூசியற்ற அறை வசதியுள்ள தரவு மீட்பு நிபுணரிடமே கொடுக்க வேண்டும்.

மூன்று, இரண்டு, ஒன்று

புகைப்படக் கலைஞரான பீற்றர் க்ரோக் என்பவர் பிரபலப்படுத்திய எளிய விதி இது. தரவுக்கு 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் 1 பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இணையச் சேமிப்பகத்தையும் அந்த வெளிப் பிரதியாகக் கொள்ளலாம். வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டையும் கொள்ளலாம். வெள்ளமும் மின்னலும் ஒரே நேரத்தில் ஒரு வீட்டிலுள்ள எல்லாவற்றையும் கொண்டுபோகலாம். இரண்டு ஊர்களிலுள்ளதைக் கொண்டுபோவது அரிது.

ஒவ்வொரு மாதமும் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். அன்று ஐந்து நிமிடம் 'ஸ்மார்ட்' அட்டவணையைப் பார்த்து 05, சி 5, சி 6 ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சென்ற மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. அன்றே பிரதியும் எடுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்று ஒன்றிரண்டு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

தரவும் ஓர் அமானிதமே

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. நம் வீட்டுக் கணினிகளில் பெண்பிள்ளைகளின் படங்களும் குடும்ப நிகழ்வுகளும் இருக்கின்றன. கணினியை முழுமையாகக் கடையில் ஒப்படைக்கும்போது அவையனைத்தையும் சேர்த்தே ஒப்படைக்கிறோம். திருத்துபவர்கள் நேர்மையானவர்களாகவே இருந்தாலும், பாதுகாக்க வேண்டிய கடமை நம்முடையது. பழுது மின்வழங்கியிலோ நினைவகத்திலோ எனத் தெரிந்தால் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கணினியை அனுப்பலாம். மேசைக் கணினியில் அதற்கு இரண்டு வடங்களையும் நான்கு திருகாணிகளையும் கழற்றினால் போதும். எங்கே பழுது என்பதை வீட்டிலேயே கண்டறியத் தெரிந்திருப்பதன் பெரிய நன்மை இதுதான்.

பழைய கணினியை விற்கும்போதும் கவனம் தேவை. கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினாலும் தரவு உடனே மறைவதில்லை. அந்த இடம் வேறு தரவால் நிரப்பப்படும்வரை மீட்பு மென்பொருளால் அதை எடுக்க முடியும். எனவே வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்பதே நல்லது.

எங்கள் வன்தட்டை நானா வேறொரு கணினியில் இணைத்து, முதலில் நல்ல பகுதிகளைப் பிரதியெடுத்துவிட்டுப் பிறகு பழுதான பகுதிகளுக்குத் திரும்பும் மென்பொருளொன்றைக் கொண்டு இரண்டு இரவுகள் முயன்றார். கணக்கும் குறிப்புகளும் கிடைத்தன. கலியாணப் படங்களில் பெரும்பகுதி கிடைத்தது. உம்மம்மாவின் குரற்பதிவுகள் மூன்றும் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கம்பளையிலிருக்கும் மாமி தன் தொலைபேசியில் தேடி ஒன்றை அனுப்பினார். உம்மா முன்பொருமுறை அவருக்குப் பகிர்ந்த பதிவு அது. மூன்றில் ஒன்று, வேறு ஊரில் இருந்ததால் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது அந்த ஒன்று நான்கு இடங்களில் இருக்கிறது. மற்ற இரண்டும் எதைப் பற்றியவை என்று உம்மா சில வேளைகளில் எங்களுக்குச் சொல்லிக் காட்டுவார்.

இதை வாசித்து முடித்ததும், உங்கள் வீட்டில் அப்படியொரு பதிவு எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அது ஓரிடத்தில் மட்டும் இருந்தால், இன்றிரவே இன்னோரிடத்தில் சேமித்துவிடுங்கள்.